பட்டா நிலமும் பழைய மேடும்

(சிவில் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர்)



"உன் தொழிலைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் குழாய்ப் பாதை வேலையில் இருப்பவன் நான். எண்ணெயும் எரிவாயுவும் போகும் குழாய்களை அடுத்தவர் நிலத்துக்கு அடியில் புதைப்பதுதான் என் பிழைப்பு. குழாயின் கனம், வெல்டிங், துருப்பிடிக்காத பூச்சு என்று எழுத ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோ பார்க்கப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே குழாயை விட்டுவிட்டு நிலத்தைப் பற்றி எழுதுகிறேன். அதாவது நிலம் ஒருவருக்குச் சொந்தம், அதற்குள் இருக்கும் ஏதோ ஒன்று ஊருக்கெல்லாம் சொந்தம் என்றால் என்ன செய்வது என்பதைப் பற்றி. இந்தக் கேள்விக்கு நம்ம பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதுதான் வெம்பக்கோட்டை.

உச்சிமேடு

வெம்பக்கோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசுதான் ஞாபகம் வரும். நமக்கும்தான். ஆனால் கடந்த சில வருஷங்களாக அந்தப் பெயர் வேறு காரணத்துக்காகவும் பத்திரிகைகளில் வருகிறது. வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளம் கிராமத்தில் ஏறக்குறைய 25 ஏக்கர் பரப்பில் ஒரு மேடு இருக்கிறது. உச்சிமேடு, மேட்டுக்காடு என்று ஊரார் சொல்வார்கள். கரிசல் மண்ணில் நடந்தால் காலில் பானை ஓடு இடறும். மழை பெய்து ஓய்ந்தால் சங்கு வளையல் துண்டு மேலே வரும். ஆடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான்.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அங்கே முதல் கட்ட அகழாய்வைத் தொடங்கியது. 16 குழிகளில் 3,254 தொல்பொருள்கள் கிடைத்தன. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. 18 குழிகளில் 4,660 பொருள்கள் கிடைத்தன. மூன்றாம் கட்டம் 2024 ஜூனில் ஆரம்பமானது. கிடைத்தவை என்னென்ன? நுண்கற்கருவிகள், சுடுமண் பொம்மைகள், ஆட்டக்காய்கள், கண்ணாடி மணிகள், தங்க அணிகள், யானைத் தந்தத்தில் செய்தவை, திமிலுள்ள காளை பொறித்த சூதுபவளம். எல்லாவற்றுக்கும் மேலாகச் சங்கு வளையல்கள். வைப்பாறு மன்னார் வளைகுடாவில் போய்ச் சேரும் ஆறு. கடலில் எடுத்த சங்கு ஆற்றங்கரை வழியாக உள்ளே வந்து, இங்கே அறுபட்டு வளையலாகியிருக்கிறது. சங்கை அறுத்த கைகள் அன்றைக்கு, பட்டாசுக்குத் திரி வைக்கும் கைகள் இன்றைக்கு. ரொம்ப காலமாகவே இது கைத்தொழில் பூமிதான் போலிருக்கிறது!

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் சிவில் இன்ஜினியராக எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. ஒரு கட்டத்துக்குப் பதினாறு குழி, பதினெட்டுக் குழி. மேடோ 25 ஏக்கர். தோண்டிய இடம் கொஞ்சம், தோண்டாத இடம்தான் மிச்சம். அந்த மிச்சத்தில்தான் நாளைய தலைமுறை படிக்க வேண்டிய வரலாறு முழுதும் கிடக்கிறது. அதை யார் காப்பது?

இது உச்சிமேட்டுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. வைப்பாற்றுப் பக்கமும் தாமிரபரணிப் பக்கமும், வைகைக் கரையிலும் நத்தமேடு, ஓட்டாங்காடு, தாழிக்காடு என்று எத்தனையோ பெயரில் இப்படிப்பட்ட மேடுகள் உண்டு. அவற்றில் நிறைய பட்டா நிலங்கள். பருத்தியும் சோளமும் மல்லியும் மிளகாயும் விளைகிற நிலங்கள்.

மாமா கேட்டது

என் தாய்மாமாவுக்கும் ஆற்றோரம் மூன்று ஏக்கர் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார்: "மருமகனே, நம்ம காட்டுல உழுதா ஓடா வருது. தாசில்தாருகிட்டச் சொல்லணும்ங்கான் எம் மகன். சொன்னா நெலம் நம்ம கையில இருக்குமா, இருக்காதா? நீதான் ஊரான் நெலத்தையெல்லாம் தோண்டுறவனாச்சே, சொல்லு."

இது என் மாமாவின் பயம் மட்டுமல்ல. பட்டா நிலத்தில் பானை ஓடு பார்த்த சம்சாரி ஒவ்வொருவருக்கும் உள்ள பயம். இந்தப் பயத்தினால்தான் எத்தனையோ மேடுகள் சத்தமில்லாமல் சமன் செய்யப்படுகின்றன. ஜே.சி.பி. ஒரு நாள் வாடகைக்கு வந்தால் இரண்டாயிரம் வருஷம் ஒரே பகலில் காலி! சம்சாரி கெட்டவர் அல்ல. தன் பட்டாவைக் காப்பாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

"இருக்கும்" என்றோ "இருக்காது" என்றோ ஒரே வார்த்தையில் மாமாவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், பதில் ஒரு வரலாறாக இருக்கிறது.

நம் பத்திரத்திலேயே இருப்பது

நிலம் என்றால் முழுக்க என்னுடையது, அல்லது முழுக்க உன்னுடையது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நான்கு மால் எழுதிய பிறகு, மாமூல் வண்டிப்பாதை, வாய்க்கால், வழிநடைப் பாத்தியம் என்று சில வார்த்தைகள் இருக்கும். அடுத்தவர் நிலத்தின் வழியாக நான் போகலாம், என் கிணற்றுத் தண்ணீர் அவர் வரப்போரமாகப் போகலாம் என்று அர்த்தம். நிலம் அவருடையது, ஆனால் அதில் என் பாத்தியம் ஒன்று படுத்திருக்கிறது. அவர் விற்றாலும், வாங்கியவரையும் அது கட்டும். இதற்குத்தான் சட்டத்தில் வசதியுரிமை என்று பெயர். வக்கீல்கள் 'ஈஸ்மெண்ட்' என்பார்கள். 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம் முதலில் அமலுக்கு வந்த இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று.

வெம்பக்கோட்டைக்காரர்களுக்கு இன்னொன்றும் நன்றாகத் தெரியும். பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் வேண்டுமானால் ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடையே, ஷெட்டுக்கும் வெளியே உள்ள வீடு, ரோட்டுக்கும் இடையே இத்தனை தூரம் காலியாக இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்தக் காலியிடத்தைப் பார்த்து யாரும் "வேஸ்ட்" என்று சொல்லமாட்டார்கள். ஒன்றும் கட்டாமல் விட்டிருப்பதுதான் அந்த இடம் செய்கிற வேலை. உயிரைக் காக்கிற வேலை. ஒரு நிலத்தில் எதையோ செய்யாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, ஒரு கணக்கு உண்டு என்பதை நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னும் பின்னால் போனால், சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் 'ஏரிப்பட்டி' என்ற சொல் வரும். அந்த நிலத்தின் விளைச்சல் ஏரியைப் பராமரிக்கவே போக வேண்டும் என்று விடப்பட்ட நிலம். யார் கைக்கு மாறினாலும் நிபந்தனை மாறாது. அதனால்தான் கல்வெட்டின் கடைசியில், இதை அழிப்பவனுக்குச் சாபமும் காப்பவனுக்கு வணக்கமும் சொல்லி முடிப்பார்கள். தான் இறந்த பிறகு வரப்போகிற, முகம் தெரியாத ஒருவனிடம் பேசுகிற பேச்சு அது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு தோட்டமும் ஓர் ஏரியும்

லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர் என்று ஓர் இடம். அதன் நடுவில் உள்ள தோட்டத்தை 1808-ல் டல்க் என்பவர் விற்றார். தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும், கட்டடம் எழுப்பக்கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை போட்டார். கை மாறி மாறி மோக்ஸே என்பவரிடம் வந்தது. அவர் கட்டடம் கட்டப் பார்த்தார். "நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டவன் நான் இல்லையே" என்பது அவர் வாதம். "நிபந்தனை இருப்பது தெரிந்துதானே வாங்கினாய், அது உன்னையும் கட்டும்" என்று 1848-ல் கோர்ட் சொல்லிவிட்டது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக இருக்கிற வழக்கு இது.

நம் நாட்டுக் கதை அதற்கும் அரை நூற்றாண்டு முந்தியது. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் உரிமை வாங்கினார்கள். 1858-ல் அது மறுபடியும் உறுதி செய்யப்பட்டது. ஊராருக்குப் பறவை மேல் பாசம் மட்டும்தானா? இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை பிழைத்தால் வெள்ளாமையும் பிழைக்கும். நிலத்துக்காரருக்கும் ஆதாயம் இருந்ததால்தான் அந்த ஏற்பாடு தலைமுறை தாண்டி நின்றது. அரசாங்கம் சரணாலயம் என்று பெயர் வைத்ததெல்லாம் பிறகுதான்.

1882-லிருந்து 1958 வரை

ஈஸ்மெண்ட் சட்டம் வந்த அதே 1882-ல் இங்கிலாந்தில் இன்னொரு சட்டம் வந்தது. பழஞ்சின்னங்களைக் காக்கிற முதல் சட்டம். அதற்குப் பாடுபட்டவர் ஜான் லப்பக். ஏவ்பரி என்ற ஊரில் பழங்காலக் கல் வட்டத்துக்குள் வீடு கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1871-ல் தன் சொந்தப் பணத்தில் நிலத்தை வாங்கித் தடுத்தவர் அவர். எல்லா இடத்தையும் ஒருவர் வாங்கிவிட முடியுமா? ஆகவே சட்டத்தில் ஒரு நடுவழி வைத்தார்கள். நிலம் சொந்தக்காரருடையதாகவே இருக்கும். சின்னத்துக்கு அரசு காவலர் ஆகும். ஆனால் சொந்தக்காரர் சம்மதித்தால் மட்டுமே.

கட்டாயப்படுத்த அதிகாரம் இல்லாத சட்டம். அதை நடத்த முதல் இன்ஸ்பெக்டராக வந்தவர் ஜெனரல் பிட்-ரிவர்ஸ், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய், நிலச் சொந்தக்காரர்களைச் சந்தித்து, பேசிப் பேசித்தான் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஒரு ஜெனரலே ஆர்டர் போட முடியாமல் கதவைத் தட்டி நின்ற வேலை இது!

கர்சன் பிரபு காலத்தில் 1904-ல் இந்தியாவுக்கும் இதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. அதிலும் சொந்தக்காரருடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வழி இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1958-ல் மத்திய அரசு புதுச் சட்டம் போட்டது. தமிழ்நாடு 1966-ல் தனக்கென்று ஒன்று போட்டுக்கொண்டது.

1958 சட்டத்தின் 6-வது பிரிவைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். பாதுகாக்கப்பட்ட சின்னம் தனியார் கையில் இருந்தால் கலெக்டர் மூலமாகச் சொந்தக்காரருடன் ஒப்பந்தம் போடலாம். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, பக்கத்தில் கட்டடம் கட்டலாமா, பொதுமக்கள் வந்து பார்க்கலாமா, பராமரிப்புச் செலவு யாருடையது, நிலத்தை விற்பதானால் முதலில் அரசுக்குச் சொல்ல வேண்டுமா என்பதெல்லாம் அதில் எழுதலாம். வாரிசையும் வாங்கியவரையும் அது கட்டும். ஆனால் ஒரு பலவீனம். மூன்று வருஷம் கழிந்தால், ஆறு மாத நோட்டீஸ் கொடுத்து இரு தரப்பில் யாரும் விலகிக்கொள்ளலாம். இன்னொன்று, அது சின்னங்களுக்கான பிரிவு. மேடு மாதிரியான தொல்லியல் இடங்களுக்கு வேறு பிரிவு.

ஒரு அடி

அந்த வேறு பிரிவுதான் 19. தொல்லியல் இடம் ஒன்றைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று மத்திய அரசு அறிவித்துவிட்டால், அனுமதி இல்லாமல் யாரும், நிலத்துச் சொந்தக்காரரே ஆனாலும், அங்கே கட்டடம் கட்டக்கூடாது, குவாரி போடக்கூடாது, தோண்டக்கூடாது. ஆனால் விவசாயம் செய்யலாம். எதுவரை? மேல்மண்ணில் ஒரு அடி ஆழத்துக்கு மேல் தோண்டாதவரை!

சட்டம் எழுதியவர் காலத்தில் அது நியாயமான கணக்கு. மாட்டு ஏரும் மரக் கலப்பையும் ஒரு அடிக்குக் கீழே எங்கே போகப்போகின்றன? தாத்தா காலத்து உழவு மேலே மேலே கீறிவிட்டுப் போனது. அடியில் இருந்தது அடியிலேயே தூங்கியது. இன்றைக்கு டிராக்டரில் மாட்டுகிற உளிக்கலப்பை அடிக்கட்டியை உடைப்பதற்கென்றே ஒரு அடியைத் தாண்டிப் போகிறது. அது விவசாயத் துறையே சொல்லித் தருகிற நல்ல முறைதான், மண்ணுக்கு. மேட்டுக்கு அல்ல. அதே சம்சாரி, அதே நிலம், அதே பருத்தி. கருவி மாறியது, ஒரு அடி என்ற எல்லை காணாமல் போனது.

ஆகவே மாமாவுக்கு நான் சொன்ன பதில் இது: "நிலம் உங்க கையிலதான் இருக்கும் மாமா. பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சாலும் பட்டா மாறாது. ஒரு அடிக்குள்ள விவசாயம் பண்ணலாம். தோண்டுறதால வெள்ளாமை நட்டமானா நஷ்டஈடு தரணும்னு 27-வது பிரிவு இருக்கு. ஆனா வீடு கட்ட முடியாது, போர் போட முடியாது, மண் அள்ள முடியாது. அரசாங்கம் நெனைச்சா கையகப்படுத்தவும் வழி இருக்கு, அப்ப பணம் தரணும். தங்கம் கிங்கம் கெடச்சா அதுக்கு 1878-லேயே புதையல் சட்டம் இருக்கு, மறைக்காம கலெக்டருக்குச் சொல்லணும்."

மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப முடியாதுங்கிறதெல்லாம் எனக்கு, பேரு மட்டும் ஊருக்கா?"

நியாயமான கேள்வி. அவர் நிலத்தின் விலை விழுகிறது. வீட்டுமனை போட முடியாது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. ஊருக்குப் பெருமை, மாமாவுக்கு நட்டம். 2010-ல் சட்டத்தைத் திருத்தியபோது மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்று எழுதினார்கள். பக்கத்து நிலத்துக்காரரும் இப்போது பயப்பட வேண்டியதாகிவிட்டது. தடை மட்டும் சொல்லி, ஈடு ஒன்றும் சொல்லாவிட்டால், ஓடு கிடைத்தவர் வாயைத் திறக்கமாட்டார்.

கீழடியில் நடந்தது

கீழடியை எல்லாருக்கும் தெரியும். பள்ளிச்சந்தைத் திடல் என்ற இடம் அது. அந்தப் பெயரே பழைய பள்ளிச்சந்தம், அதாவது சமணப் பள்ளிக்கு விடப்பட்ட நிலம் என்பதிலிருந்து வந்ததென்று சொல்வார்கள். மேலே தென்னந்தோப்பு, எல்லாம் பட்டா நிலம். அங்கே உள்ள பள்ளி ஆசிரியர் வை.பாலசுப்பிரமணியம் 1970-களில் மாணவர்கள் கொண்டுவந்த பொருள்களைப் பார்த்து விவரம் சொன்னார். பல வருஷம் கழித்து, 2014-15 முதல் மத்தியத் தொல்லியல் துறையும், 2017-18 முதல் மாநிலத் துறையும் தோண்டின.

சொந்தக்காரர்கள் சம்மதம் கொடுத்ததால்தான் குழி இறங்கியது. வேலை முடிந்ததும் ஆவணப்படுத்திவிட்டு மண்ணைப் போட்டு மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். "தோண்டினதை ஏன் மூடுறாங்க?" என்று பலர் கோபப்பட்டார்கள். மூடுவதும் பாதுகாப்புதான். செங்கல் சுவரை வெயிலிலும் மழையிலும் திறந்து போட்டால் கரைந்துவிடும். இரண்டாயிரம் வருஷம் அதைக் காத்தது மண்தானே? பின்னால் ஏழாம் கட்டக் குழிகளைத் திறந்தவெளி அருங்காட்சியகமாக வைக்க முடிவானது. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டிய இடத்துக்கு நிலத்தை வாங்கியே ஆக வேண்டும். ஆனால் மூடி வைத்துக் காக்க வேண்டிய இடத்துக்கு? அதற்கு வாங்க வேண்டியதில்லை. ஒரு உறுதிமொழியை வாங்கினால் போதும். இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் சாரம்.

உறுதிமொழியை விலைக்கு வாங்குவது

அமெரிக்காவில் இதற்கு ஒரு முழு ஏற்பாடே இருக்கிறது. 1891-லேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சார்லஸ் எலியட் என்பவரின் முயற்சியால், அழகான இடங்களைக் காக்க ஓர் அறக்கட்டளை உண்டானது. 1930-களில் புளூ ரிட்ஜ் மலைச் சாலை போட்டபோது, இருபுறமும் உள்ள பண்ணைகளை முழுவதும் வாங்காமல், காட்சி கெடாமல் வைத்திருக்கும் உறுதியை மட்டும் சில இடங்களில் வாங்கினார்கள். 1959-ல் வில்லியம் வைட் என்ற எழுத்தாளர் இதற்குப் 'பாதுகாப்பு வசதியுரிமை' என்ற பொருளில் பெயர் வைத்துப் பரப்பினார். 1981-ல் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது.

விஷயம் எளிமையானது. ஒரு பண்ணை, மனை போட்டால் 100 ரூபாய் பெறும், பண்ணையாகவே வைத்தால் 60 ரூபாய்தான் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் "நானும் என் வாரிசும் இதை வாங்குபவரும் மனை போட மாட்டோம்" என்று ஒரு அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கிறார். குறைகிற 40 ரூபாயைப் பணமாகவோ வரிச் சலுகையாகவோ பெறுகிறார். நிலம் அவருடையதே, விவசாயம் அவருடையதே. இப்படிக் கோடிக்கணக்கான ஏக்கர் காக்கப்பட்டிருக்கிறது. தில்லுமுல்லும் நடந்தது. விலையை ஊதிக் காட்டி வரி ஏய்த்தவர்களைக் கட்டுப்படுத்த 2022-ல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது.

நம் ஈஸ்மெண்ட் சட்டத்தில் இதை அப்படியே செய்ய முடியாது. அங்கே ஒரு நிலத்தின் வசதிக்காகத்தான் இன்னொரு நிலத்தின் மேல் பாத்தியம். என் வயலுக்காக உன் வரப்பு. வரலாற்றுக்காக, குருவிக்காக என்றால் "உன் நிலம் எங்கே?" என்று சட்டம் கேட்கும். வனவிலங்குச் சட்டத்தில் 2002-ன் திருத்தம் ஒரு கதவைத் திறந்தது. தனியாரோ ஊராரோ தாமாக முன்வந்தால் அவர்கள் நிலத்தைச் 'சமுதாயக் காப்பிடம்' ஆக்கலாம், நிலப் பயன்பாட்டை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. விலங்குக்குத் திறந்த கதவு, பானை ஓட்டுக்கு இன்னும் அந்த அளவுக்குத் திறக்கவில்லை.

குழாய் சொல்லித் தந்தது

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். நாங்கள் நிலத்தை வாங்குவதில்லை. 1962-ஆம் வருஷத்துக் குழாய்ப் பாதைச் சட்டப்படி 'உபயோக உரிமை' மட்டும் எடுக்கிறோம். குழாய்க்கு மேலே சொந்தக்காரர் விவசாயம் பண்ணலாம். வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. பயிர்ச் சேதத்துக்கு ஈடும், நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதமும் தர வேண்டும். பாருங்கள், அடியில் இருப்பதைக் காப்பதற்காக மேலே சில காரியங்களைச் செய்யாதிருக்க வைப்பது! குழாய்க்குச் செய்ய முடிந்ததைச் சங்கு வளையலுக்குச் செய்ய முடியாதா?

முடியும். ஆனால் இந்தத் தொழிலில் பட்டறிந்த நான்கு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, பேச்சு. 2013-ல் கொங்குப் பகுதியின் ஏழு மாவட்டங்களில் எரிவாயுக் குழாய்க்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் குழாய் போடலாம் என்றது. அதற்குப் பிறகும் எதிர்ப்பு நிற்கவில்லை. கோர்ட்டில் ஜெயிப்பது வேறு, களத்து மேட்டில் ஜெயிப்பது வேறு. சர்வேயர் செயினோடு போவதற்கு முன்னால் ஒருவர் வெறுங்கையோடு போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். பிட்-ரிவர்ஸ் செய்தது அதைத்தான்.

இரண்டாவது, முதல் நாள் கணக்கு. ஒப்பந்தம் போடுகிற அன்றைக்கே நிலம் எப்படி இருந்தது என்று அளந்து, படம் பிடித்து, மட்டம் எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து "மேடு எப்பவுமே இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் பதில் இருக்காது. லெவல் புக்கில் எழுதாத உயரம் உயரமே இல்லை என்று நம் சர்வே ஆசிரியர் சொல்வாரே, அதேதான்!

மூன்றாவது, வருஷா வருஷம் நடப்பது. குழாய்ப் பாதை முழுவதையும் ஆள் நடந்து பார்ப்பார்கள். கல் நட்டிருக்கிறதா, யாராவது தோண்டியிருக்கிறார்களா, சொந்தக்காரர் சௌக்கியமா, பையனுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்பதெல்லாம் அந்த நடையில் தெரியும். பாதி வேலை சோதனை, பாதி வேலை உறவு.

நான்காவதுதான் கஷ்டமானது. கையெழுத்துப் போட்டவருடன் தகராறு வருவது குறைவு. அவர் காலமான பிறகுதான் தகராறு. மகன் சென்னையில், மகள் துபாயில், வாங்கியவர் எங்கிருந்தோ வந்தவர். "அப்பா என்ன எழுதிக் குடுத்தார்னு எனக்குத் தெரியாதே" என்பார்கள். ஆகவே உறுதிமொழி பதிவாக வேண்டும். வில்லங்கச் சான்று போட்டால் கண்ணில் பட வேண்டும். நிலத்தில் கல்லும் நிற்க வேண்டும். கல்வெட்டில் முகம் தெரியாத வாரிசுக்கு வணக்கம் சொன்னவர்களுக்கு இந்த நான்காவது பாடம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நம்மால் ஆவது

உச்சிமேட்டைப் போன்ற ஒரு மேட்டுக்கு என்ன எழுதலாம்? என் யோசனை இது. ஒரு அடிக்குள் உழவு, உளிக்கலப்பை வேண்டாம். மண் அள்ளுவதில்லை, போர் போடுவதில்லை, ஷெட் எழுப்புவதில்லை. இதற்கு ஈடாக ஏக்கருக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் பணம். ஒரே தவணையில் கொடுத்தால் வாங்கியவரோடு போய்விடும். வருஷா வருஷம் வந்தால் அடுத்த தலைமுறையும் மேட்டைச் சொத்தாக நினைக்கும். தோண்டும் வருஷத்தில் தனி ஈடு, வேலையில் ஊராருக்கு முன்னுரிமை, கிடைத்த பொருளின் பலகையில் நிலம் தந்த குடும்பத்தின் பெயர். காசோடு மரியாதையும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். வேடந்தாங்கல்காரர்களுக்கு ஏரித் தண்ணீர் உரமானது போல, மேட்டுக்காரருக்கும் மேட்டினால் ஏதாவது விளைய வேண்டும்.

அரசாங்கம் செய்யட்டும் என்று உட்கார வேண்டியதில்லை. நம் சங்கத்தில் வக்கீல் இருக்கிறார்கள், பத்திரப் பதிவுத் துறையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், சர்வே தெரிந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். ஊரில் நிலம் வைத்துக்கொண்டு வெளியூரில் இருப்பவர்கள் நம்மில்தான் அதிகம். கிராமத்து மேட்டை விற்கப் போகிற அந்த 'சென்னை மகன்' வேறு யாருமல்ல, நாம்தான்! விற்பதற்கு முன் ஒரு தடவை போய் நடந்து பாருங்கள். காலில் ஓடு இடறினால் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். வாங்குபவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். பத்திரத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று வக்கீலைக் கேளுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். நம் தாலுகாவில் உள்ள மேடுகளில் ஒன்றைச் சொந்தக்காரர் சம்மதத்தோடு அளந்து, மட்டம் எடுத்து, வரைபடம் போட்டுத் துறையிடமும் சொந்தக்காரரிடமும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். ஒரு பொருளையும் எடுக்காதீர்கள், ஒரு குழியும் தோண்டாதீர்கள். அந்த வரைபடம்தான் பின்னால் வரும் எந்த ஒப்பந்தத்துக்கும் முதல் தாள். முப்பது வருஷம் கழித்து இதே மாதிரி ஒரு மலரில், "அந்த மேடு அன்றைக்கு இருந்த உயரம் இன்றைக்கும் குறையவில்லை" என்று உங்களில் ஒருவர் எழுத வேண்டும்.